பீவிம்மா அழுத காட்சி

எதிர்வீட்டு மரக்கதவு திங்கட்கிழமையிலிருந்து சாத்தியே கிடந்தது.

இதிலென்ன அதிசயம், ஆங் மோ கியோ அடுக்குமாடி வீடுகளில் அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொள்வதுதானே வழக்கம் என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் ரஷீதா வீட்டுச் சமாச்சாரம் வேறு. வெளியே இரும்புக் கதவு மட்டும் பூட்டியிருக்கும். உள்ளே மரக்கதவு காலையில் திறந்தால் படுக்கப் போகும்போதுதான் மூடும். அந்தக் கம்பிகளுக்கு நடுவே மங்களம் வீட்டுக் கறிவேப்பிலை அங்கே போகும், ரஷீதா வீட்டு ஆணம் இங்கே வரும். குழம்பை அவர்கள் ஆணம் என்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக வாங்கிச் சாப்பிட்டதில் மங்களத்தின் கணவர் சுந்தரத்துக்கும் அது ஆணம் என்றே ஆகிவிட்டது.

போன வாரம் மங்களத்தை எங்கே விட்டோம்? ரிமோட்டைக் கையில் பிடித்தபடி சோபாவில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்று திங்கட்கிழமை, 'பன்னிரண்டாம் மாடி' தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டம் அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. அந்தத் தொடரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி பீவிம்மாவாக வருகிறவள் சாட்சாத் நம் மங்களமேதான். முன்னோட்டத்தில் பீவிம்மாவின் மருமகன் மூன்று முறை தலாக் சொன்னான். பீவிம்மாவின் மகள் நூர் மடியில் ஒரு மீன் தொட்டியை வைத்துக்கொண்டு டாக்சியில் அழுதபடி தாய்வீட்டுக்கு வந்தாள். கடைசியில் பீவிம்மாவின் முகம், கண் நிறையக் கண்ணீர். 'வியாழக்கிழமை இரவு காணத் தவறாதீர்கள்.'

மங்களத்தை விறைக்க வைத்தது அந்த மீன் தொட்டிதான். அந்தக் காட்சியை அவள் இல்லாத நாளில் எடுத்திருந்தார்கள்.

ரஷீதாவின் மகள் இன்ஷா புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்த நாளில், தன் மகன் ரியாஸின் மீன் தொட்டியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினாள். ஒரு பக்கம் இன்ஷா பிடிக்க, மறுபக்கம் மங்களம் பிடித்து, தண்ணீர் சிந்தாமல் லிஃப்டில் ஏற்றினார்கள். அந்த வீட்டு நாலு சுவருக்கு வெளியே இந்த விஷயம் தெரிந்த ஆள் ஒருத்திதான். அந்த ஒருத்தியின் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. மேக்கப் அறையில் கதாசிரியை நிரஞ்சனாவிடம் மூச்சுவிடாமல் அத்தனையும் சொல்லிவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை.

"போய்த் தட்டிப் பாரேன்," என்றார் சுந்தரம், கோப்பியை ஆற்றிக்கொண்டே.

"நேத்தே தட்டினேன். யாரும் வரல."

"பெல் அடிச்சியா?"

"அந்த வீட்டு பெல்ல நான் எப்பங்க அடிச்சிருக்கேன்? அது வேல செய்யுதான்னே தெரியாது."

"நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க..."

"நீங்க சும்மா இருங்க."

சுந்தரம் சும்மா இருந்தார். ரொம்ப வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னாலிருந்து வரும் பேச்சுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகியவர்.

ஆனால் மகன் அகிலனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வேலைக்குப் போகிற வழியில், எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே கூப்பிட்டான். இன்ஷாவும் அவனும் ஒரே தொடக்கப்பள்ளியில் ஒரே பள்ளி வேனில் போய்வந்தவர்கள்.

"அம்மா, அந்த ஃபிஷ் டேங்க். அது இன்ஷாவோடதுதானே?"

"எந்த டேங்க்?"

"அம்மா, ப்ளீஸ் லா. மடியில வெச்சிட்டு வந்தாள்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க."

மங்களத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவனிடமும் சொல்லியிருக்கிறாள்.

"பேச்சு வாக்குல சொல்லிட்டேன்டா. நல்லபடியா காட்டுவாங்கன்னு நெனச்சேன்."

"நல்லபடியாவா? அவன் நின்ன எடத்துல மூணு தடவ தலாக்குங்கிறான், இவ அழுதுட்டுக் கெளம்புறா. இங்க எங்கம்மா அப்படி நடக்குது? அவதானே கேஸ் ஃபைல் பண்ணா? ஷரியா கோர்ட்டுக்கு அவதானே நடையா நடந்தா?"

"எழுதுறவங்க மாத்திட்டாங்கடா. நான் நடிக்கிறவ. குடுத்ததப் பேசுறேன்."

"ஏழு வருஷமா இதையேதான்மா சொல்றீங்க," என்று அகிலன் போனை வைத்துவிட்டான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பீவிம்மாவின் பேச்சைச் சொல்கிறான். பீவிம்மா பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணித் தூக்கோடு வீட்டுக்குள் நுழைவாள். 'நம்பள்கி இருக்கான், நிம்பள் ஏன் அழுறான்' என்பாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்துக் கை ஏந்துவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

நாகூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம் ரஷீதாவுடையது. 'சாப்டியா' என்று ஒரு நாளும் கேட்கமாட்டாள், 'பசியாறினீங்களா' என்பாள். சோறு ஆக்கினேன் என்பாள். மங்களம் வாயிலிருந்து வரும் தமிழில் பாதி ஆங்கிலம். ரஷீதா பேசுகிறபோது அந்தத் தமிழைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மங்களத்துக்கே வெட்கமாக இருக்கும். முதல் நாள் வசனத்தைப் படித்ததுமே இயக்குநர் ரத்னவேலிடம் சொன்னாளே: "எங்க எதிர்வீட்டு ரஷீதா இப்படியெல்லாம் பேசமாட்டா. நம்மளவிட நல்ல தமிழ் பேசுவா."

"அது சரிக்கா," என்றான் ரத்னவேல். "ஆனா கதவத் தொறந்ததும் ஆடியன்ஸுக்கு இது முஸ்லிம் கேரக்டர்னு தெரியணும்ல?"

மங்களம் அதற்குமேல் வாதாடவில்லை. முதல் முறையாகக் கிடைத்த வாய்ப்பு, வாதாடி யார் கெடுத்துக்கொள்வார்கள். ரஷீதா தொடரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாங்க எப்பக்கா இப்படிப் பேசினோம்?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் துப்பட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துவந்து, அதைத் தலையில் எப்படிப் போட்டு எப்படிச் செருகுவது என்று சொல்லிக் கொடுத்தாள். பேச்சுத்தான் தப்பாக இருக்கிறது, உடுப்பாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. மங்களம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருக்கலாம்.

குளித்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?" என்றார் சுந்தரம்.

"ரத்னவேலப் பாக்க. அந்த சீன வெட்டச் சொல்லப்போறேன்."

சுந்தரம் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மங்களத்தால் பத்தடி நிம்மதியாக நடக்க முடியாது. மற்ற நாட்களில் அது அவளுக்குப் பிடிக்கும். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு தேக்கா சந்தைப் பக்கமாக நடந்தாள். அப்படியும் ஒரு பெண்மணி, கை நிறைய முருங்கைக்காயோடு, வழியை மறித்துக்கொண்டாள்.

"பீவிம்மாதானே? நம்பள்கிட்ட சொல்லாம எங்க போறான்?"

அவள் தோழி ஒருத்தி சிரித்தாள். மங்களமும் சிரித்து வைத்தாள். ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு நீங்க அழப்போறீங்கன்னு டிஷ்யூ வாங்கி வெச்சிருக்கேன்," என்றாள் முருங்கைக்காய்க்காரி. "பாவம், அவங்க பொம்பளைங்க. மூணு தடவ சொன்னா முடிஞ்சுது, தெருவுல நிக்க வேண்டியதுதான். நம்மள்ல அப்படி இல்ல, என்ன இருந்தாலும்."

"இங்கெல்லாம் அப்படி..." என்று ஆரம்பித்தாள் மங்களம்.

"உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் அச்சு அசலா நடிக்கிறீங்களே," என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்மணி போய்விட்டாள். நல்ல மனுஷிதான். கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. மங்களத்துக்கு அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இவளைப்போல் எத்தனை பேர் இன்றிரவு ரஷீதாவையும் இன்ஷாவையும் பார்த்துப் பாவம் பாவம் என்று உச்சுக்கொட்டப் போகிறார்கள் என்று நினைத்தபடி நடையை எட்டிப் போட்டாள்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில்தான் ரத்னவேலின் அலுவலகம். செங்குத்தான மரப்படி. மூச்சு வாங்க ஏறி மேலே போனபோது ரத்னவேலும் நிரஞ்சனாவும் எதிரெதிரே உட்கார்ந்து அடுத்த வாரக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா," என்று எழுந்தான் ரத்னவேல். "இன்னைக்கு உங்க நாள். கீழ கோப்பிக்கடைல தே தாரிக் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். அந்த சீன எடுத்துடு, ரத்னவேலு."

"எந்த சீன்?"

"நான் மருமகன் கால்ல விழுறது."

அவன் நிரஞ்சனாவைப் பார்த்தான். அவள் மடிக்கணினியைப் பார்த்தாள்.

"அக்கா, எபிசோட குடுத்தாச்சு. டிவிக்காரங்க கையில இருக்கு. இனிமே நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. என்ன திடீர்னு? எவ்வளவு நல்லா பண்ணீங்க. லைட் புடிக்கிற பையன்ல இருந்து கண்ண தொடச்சானே."

"அது ரஷீதா வீட்டுக் கத."

"அதான் கதையவே மாத்திட்டோமே. அவங்க கதன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

இதே வார்த்தையைத்தான் மங்களமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடித்தாள். ரத்னவேல் வாயிலிருந்து கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

"மீன் தொட்டி அப்படியே இருக்கே. அது போதாதா? மாத்தினதும்தான் மாத்தினீங்க, ஏன் இப்படி மாத்தினீங்க? அந்தப் பொண்ணுக்கு யாரும் தலாக் சொல்லல. அவ புருஷன் மாசக்கணக்கா ஒரு வார்த்த பேசாம ஒரே வீட்டுல இருந்தான். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அவதான் மனு போட்டா. கோர்ட்டுல அவதான் பேசினா. அவ உம்மா ரஷீதா யார் கால்லயும் விழல. கதவத் தொறந்து, 'வா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு'ன்னா. அவ்வளவுதான் நடந்துச்சு. இதத்தானே உங்கிட்ட சொன்னேன், நிரஞ்சனா?"

நிரஞ்சனா மடிக்கணினியை மூடினாள். நல்ல பெண். கோபக்காரி இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"அக்கா, நான் மொதல்ல அப்படித்தான் எழுதினேன். 'உன் ரூம் அப்படியேதான் இருக்கு'ன்னு வசனமே இருந்துச்சு. பொண்ணு கோர்ட்டுல பேசுற மாதிரி ஒரு சீன் இருந்துச்சு. நீங்க படிச்சுட்டு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இல்லையா?"

மங்களம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"'ஏழு வருஷமா பிரியாணி தூக்கிட்டு நடக்குறேன். ஒரு தடவையாச்சும் எனக்கு நடிக்கிறதுக்குக் குடுங்க. கதவத் தொறந்து வான்னு சொல்றதுக்கு ஒரு சீனா'ன்னு கேட்டீங்க. 'பெத்தவ மக வாழ்க்கைக்காகக் கால்ல விழமாட்டாளா'ன்னீங்க. விழணும்னா மொதல்ல அவன் அவளத் தொரத்தணும்ல? அதுக்குத்தான் தலாக் வந்துச்சு."

ஞாபகம் இல்லாமல் என்ன. எல்லாம் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்த ஒரு ஞாபகத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தாள், மிதித்துவிடாமல். எழுதுறவங்க மாத்திட்டாங்க என்று மகனிடம் கூசாமல் சொன்னாளே.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டத்தான் வேண்டும், ஆனாலும் வரவில்லை. அறுபதை நெருங்குகிற ஒருத்தி, தனக்குள் ஒரு நடிகை இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு, வருஷக்கணக்காகத் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அழ ஓர் இடம் கேட்டாள். அந்த அழுகை யார் தலையில் விடியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. காட்சி முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எதிர்வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரஷீதா, அடுத்த வியாழக்கிழம எபிசோட மட்டும் விட்டுடாத. இத மாதிரி நான் நடிச்சதே இல்ல," என்று சொல்லியும் வைத்தாள். அதை நினைத்தபோது மங்களத்துக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"விடுங்கக்கா," என்றான் ரத்னவேல். "அடுத்த வாரம் பீவிம்மாவுக்கு ஒரு நல்ல சீன் போட்டுச் சரிகட்டிடுவோம்."

"நான் இனிமே வரல."

"அக்கா."

"வரலன்னா வரல."

அவனுக்கும் கொஞ்சம் சூடேறியது. "நீங்க வரலேன்னா பீவிம்மாவ முடிச்சுடுவேன், அவ்வளவுதான். ஒரு போட்டோவ மாட்டி மாலை போட்டுட்டா ஒரு ஷாட் வேல."

"அவங்க வீட்டுல போட்டோவுக்கு மாலை போடமாட்டாங்க, ரத்னவேலு."

"அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

ஏழு வருஷமாக ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் மனிதன் கேட்கிற கேள்வி. மங்களத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"யாரையாச்சும் கேட்டுத் தெரிஞ்சுக்க. நான் அந்த வீட்டப் பத்தி இனிமே ஒரு வார்த்த யாருகிட்டயும் சொல்றதா இல்ல," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

நேராக வீட்டுக்குப் போகத் தெம்பில்லை. சிராங்கூன் ரோட்டில் கோயில் வாசல்வரை போனாள், உள்ளே போகாமல் திரும்பினாள். எங்கேயோ உட்கார்ந்து எதையோ குடித்தாள். வெயில் இறங்கிய பிறகுதான் ஆங் மோ கியோவுக்கு வந்து சேர்ந்தாள்.

புளோக்குக் கீழே லிஃப்டுக்காக நின்றபோது பின்னாலிருந்து, "ஆன்ட்டி," என்று ஒரு குரல்.

இன்ஷா. மருத்துவமனை உடுப்பிலேயே இருந்தாள். விபத்திலும் பக்கவாதத்திலும் படுத்தவர்களை நடக்க வைக்கும் வேலை அவளுக்கு. கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற பெண், இன்று சிரிக்கவில்லை.

"இன்ஷா, நான் வந்து..."

"எங்க கதைய சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல ஆன்ட்டி. இருக்கு, பட் அது சின்னது." நிதானமாகத்தான் பேசினாள். "வார்டுல ஒரு தமிழ் நர்ஸ் ப்ரோமோ பாத்துட்டு என் கையப் புடிச்சுட்டுக் கேக்குறாங்க, 'உன்னையும் இப்படித்தான் சொல்லித் தொரத்துனானா'ன்னு. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. நான் எவ்வளவு யோசிச்சு எடுத்த முடிவு அது. கவுன்சலிங் போனேன், கோர்ட்டுல நின்னு நானே பேசினேன். கால் நடுங்குச்சு ஆன்ட்டி, ஆனா பேசினேன். என் லைஃப்ல நான் தைரியமா செஞ்சது அது ஒண்ணுதான். அத நீங்க எல்லாரும் சேந்து எனக்கு யாரோ செஞ்ச கொடுமையா ஆக்கிட்டீங்க."

மன்னிச்சுடு என்ற வார்த்தை மங்களத்தின் வாய்வரை வந்தது. அது ரொம்பச் சின்ன வார்த்தையாகப் பட்டதால் விழுங்கிவிட்டாள்.

"உம்மா என்னப் பாக்கவே மாட்டேங்குறாங்களே. கதவ சாத்தியே வெச்சிருக்காங்க."

"கதவ சாத்துறது நான். ரியாஸும் நானும் மட்டும் இருந்தோம், யாரையும் பாக்கப் புடிக்கல. உம்மா பொங்கோல்ல மாமி வீட்டுக்குப் போயிருந்தாங்க. மத்தியானம்தான் வந்தாங்க." இன்ஷா லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். "கோவமா இருக்காங்கன்னு நெனச்சீங்களா? கோவமா இருந்தாப் பரவால்லயே. உங்கள நம்பிட்டு இருக்காங்க."

லிஃப்டில் ஏறினார்கள்.

ரஷீதா வீட்டுக் கதவு திறந்திருந்தது. எண்ணெய் காயும் வாசம் வந்தது. இன்ஷா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

"யாரு, மங்களக்காவா? வாங்கக்கா, பசியாறினீங்களா?" சமையலறையிலிருந்து ரஷீதா எட்டிப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. மேசையில் சமோசா குவிந்திருந்தது. வீட்டில் இருக்கிற நாற்காலிகளையெல்லாம் இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருந்தாள்.

"என்ன ரஷீதா இதெல்லாம்?"

"பொங்கோல் மதினி வர்றாங்க. மதினி மக, மருமவ, எல்லாரும் வர்றாங்க." கரண்டியைத் துடைத்தபடி வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தொட்டிய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்ல அக்கா நீங்க. சரி, போவுது. உங்க வாய் எனக்குத் தெரியாதா. திங்கக்கிழம அந்தத் துண்டப் பாத்துட்டு மதினி மக போன் பண்றா. 'மாமி, மருமவன் உங்களையும் அழ வெச்சானாமே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே'ங்குறா. அவுங்க மவுத்தானதுல இருந்து நாங்க ஏதோ நாதியத்துப்போன மாதிரிதான் அந்த வீட்டுல பேச்சு. இப்ப இது வேறயா. ஒடனே கெளம்பிப் போயிட்டேன்."

'அவுங்க' என்றது இறந்துபோன கணவர் அஹமது கபீரை. அவர் பெயரை ரஷீதா சொல்வதில்லை.

"போயி?"

"போயி சொன்னேன். முன்னோட்டத்துல நாலு துண்ட வெட்டிக் காட்டுவான், அத வெச்சுப் பேசாதீங்க. அதுல நடிக்கிறது எங்க மங்களக்கா. எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு அடி முதல் நுனி வரைக்கும் தெரியும். அவங்க இருக்கையில எங்களக் கேவலமா காட்ட விடமாட்டாங்க. வியாழக்கிழம எங்க வீட்டுக்கு வந்து முழுசா ஒக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்கன்னுட்டேன். சும்மாவா, நீங்களே சொன்னீங்களே, இத மாதிரி நடிச்சதே இல்லன்னு."

மங்களம் நாற்காலி வரிசையைப் பார்த்தாள். தலை வலிக்குது, அப்புறம் வர்றேன் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். எழுதினவள் ஒருத்தி, எடுத்தவன் ஒருத்தன், பழியைப் போட ஆளுக்கா பஞ்சம். ரஷீதா நம்பிவிடுவாள். எதைச் சொன்னாலும் நம்புவாள்.

"அவங்கள வரவேணாம்னு சொல்லிடு, ரஷீதா."

"ஏன்?"

"அதுல நான் கால்ல விழுறேன். மருமகன் கால்ல. மகள வெச்சு வாழுன்னு கெஞ்சி, அழுது, விழுறேன்."

ரஷீதா புரியாமல் பார்த்தாள். "முஸ்லிம் வீட்டுலயா? நாங்க யார் கால்லயும் விழமாட்டோமே அக்கா. எழுதுறவங்களுக்கு இதுகூடத் தெரியாதா? நீங்க சொல்லக் கூடாதா?"

"நான்தான் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"விழுறேன்னு நான்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் எழுதியிருந்துச்சு. நீ கதவத் தொறந்து வான்னு சொன்னதத்தான் எழுதியிருந்துச்சு. எனக்கு நடிக்க ஒண்ணுமில்லன்னு நான்தான் மாத்தச் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். உள்ளறையில் இன்ஷா ரியாஸிடம் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டு, நின்றது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று தெரிந்தது.

ரஷீதா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டி வலி. இடது கையை முட்டியில் ஊன்றி, உதட்டைக் கடித்து, மெல்லத்தான் உட்காருவாள். மங்களம் அதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காட்சியில் விழுவதற்கு முன்னால் இடது கையை அதேபோல் முட்டியில் ஊன்றியிருந்தாள். 'எங்கக்கா புடிச்சீங்க இத' என்று ரத்னவேல் வியந்துபோனான்.

"விழுறப்ப என்னய நெனச்சா விழுந்தீங்க?" என்று கேட்டாள் ரஷீதா.

பொய் சொல்ல அப்போதும் வழி இருந்தது.

"ஆமா," என்றாள் மங்களம்.

ரஷீதா கொஞ்ச நேரம் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் போடப்படவில்லை.

"நான் விழலையே, அக்கா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்து தனக்குத்தான் மறந்துபோய்விட்டதோ என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மங்களம் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், மூக்கெல்லாம் ஒழுக, பார்க்கச் சகிக்காத ஓர் அழுகை. ரஷீதா அவளைத் தேற்ற வரவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

கைப்பேசி ஒலித்தது. ரஷீதா எடுத்து, "ம்... ம்... ஏறி வாங்க மதினி," என்று சொல்லி வைத்தாள். எழுந்து அடுப்பை அணைத்தாள். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

"கீழ வந்துட்டாங்க. இனிமே எப்படி வேணாம்னு சொல்றது?" அவள் மங்களத்தின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "மூஞ்சியக் கழுவிட்டு வந்து ஒக்காருங்க. அவங்க வந்ததும் நீங்களே சொல்லிடுங்க, நான் விழலன்னு. நான் சொன்னா இனிமே நம்பமாட்டாங்க."

நடைபாதையில் லிஃப்ட் திறந்தது. பெண்களின் பேச்சுக் குரல்கள் நெருங்கி வந்தன. ரஷீதா சாவியை எடுத்துக்கொண்டு இரும்புக் கதவைத் திறக்கப் போனாள்.